உறைய வைத்த மூன்று கருக்கள்: ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கட்டபெட்டுக்காரி | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பச்சைத் தேயிலை விலை, மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிவு, இதைத் தவிர இந்த நீலகிரிக் குழுவில் நான் எதுவும் எழுதியதில்லை. இன்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் ஐ.வி.எஃப். (உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) செய்துகொண்டோம். ஒரு பெண் பிறந்தாள், இப்போது ஒன்றாம் வகுப்பு. அப்போது உருவான கருக்களில் மூன்று இன்னும் அங்கே திரவ நைட்ரஜனில் இருக்கின்றன. வருஷா வருஷம் பணம் கட்டி வைத்திருக்கிறோம். போன வாரம் ஒரு படிவம் வந்தது. தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா, அழிய விடலாமா, ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று மூன்று கட்டம். ஒன்றில் டிக் போட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு 41 வயது. இன்னொரு குழந்தைக்கு உடம்பில் தெம்பும் இல்லை, கையில் பணமும் இல்லை. முதல் கட்டத்தில் டிக் போட்டால் நாளைத் தள்ளிப் போடுகிறோம், அவ்வளவுதான். மற்ற இரண்டை நினைத்துத்தான் தூக்கம் போனது.

கருவை உள்ளே வைத்த அன்று திரையில் காட்டினார்கள். சோப்பு நுரையிலிருந்து ஒரே ஒரு குமிழியைப் பிரித்து வைத்தது போல, சாம்பல் நிறத்தில். உள்பக்கம் ஒரு ஓரத்தில் மட்டும் சின்னத் திட்டு. அந்தப் படத்தைத் தாளில் எடுத்துக் கொடுத்தார்கள். பீரோவில் ரேஷன் கார்டு கவருக்குள் பத்திரமாக இருக்கிறது. உன் முதல் போட்டோ இதுதான் என்று மகளிடமே காட்டியிருக்கிறேன். அப்படியென்றால் மீதி மூன்றும் எனக்கு யார்?

ஆராய்ச்சி என்றால் ஸ்டெம் செல் ஆராய்ச்சி என்று நர்ஸ் போனில் சொன்னார். என்ன நோய்க்கு, எங்கே என்று கேட்டேன். அது எங்களுக்கும் தெரியாதுங்க என்றார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிம்ஸ்பார்க்_பெஞ்ச் | ஞாயிறு இரவு 10.25

தங்கச்சி, நான் குன்னூரில் தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. ஆனால் முப்பது வருஷம் செல்களைக் குடுவையில் வளர்த்த கை இது.

நீங்கள் திரையில் பார்த்த அந்தச் சின்னத் திட்டுதான் இந்த விவாதத்துக்கே மூலம். ஐந்தாம் நாள் கருவில் நூற்றுச் சொச்சம் செல்கள் இருக்கும். வெளிவட்டம் நஞ்சுக்கொடியாகப் போகும். உள்ளே இருக்கிற திட்டு உடம்பாகப் போகும். இதயமாகவோ நரம்பாகவோ தோலாகவோ இன்னும் முடிவாகாத செல்கள் அவை. நர்ஸ் சொன்ன ஸ்டெம் செல் இதுதான். 1998ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் அந்தத் திட்டை மட்டும் எடுத்துக் குடுவையில் வளர்த்துக் காட்டினார்கள். ஒருமுறை வளர்ந்து நிலைத்துவிட்டால் அந்தச் செல்வரிசை வருஷக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும். ஆனால் திட்டை எடுத்தால் அந்தக் கரு அதோடு முடிந்தது. மென்று முழுங்காமல் இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழியும் உண்டு. 2006ல் ஜப்பானின் கியோட்டோவில் ஷின்யா யமனாக்கா எலியின் சாதாரணத் தோல் செல்லுக்குள் நாலே நாலு மரபணுக்களைச் செலுத்தி, அதைப் பழைய குருத்து நிலைக்கே திருப்பினார். மறு வருஷம் மனித செல்லிலும் செய்தார்கள். 2012ல் நோபல் பரிசு. நம்ம நாற்றுப்பண்ணையில் ஒரு இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை பாலித்தீன் பையில் நட்டு முழுத் தேயிலைச் செடி எடுக்கிறோம் இல்லையா? செடிக்குச் சுலபம். மிருகச் செல்லுக்கு அது நடக்கவே நடக்காது என்று என் காலத்தில் பாடமே நடத்தினார்கள்.

அப்புறம் எதற்குக் கரு என்று கேட்பீர்கள். திருப்பிய செல் உண்மையிலேயே சரியாகத் திரும்பியதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கருச் செல்தான் இன்னும் அளவுகோல். அதோடு, 2025ல் வெளிவந்த ஒரு ஆய்வில் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 12 பேருக்குக் கருச் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் செல்களைச் செலுத்தினார்கள். ஒரு வருஷம் கழித்து 10 பேர் இன்சுலின் ஊசி போடாமல் இருந்தார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்குத் தனிப்பட்ட ஒரு பாரம் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907லிருந்து இருக்கிறது. வெறிநாய்க்கடி மருந்தை ஒரு காலத்தில் ஆட்டு மூளையில்தான் தயாரித்தார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டவர்கள் இந்தக் குழுவிலேயே இருப்பார்கள். அந்த ஆடுகளைச் சின்னப் பையனாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். காதில் எண் போட்டிருக்கும். அந்த மருந்தால் ஆயிரக்கணக்கான உயிர் பிழைத்தது, சிலருக்கு நரம்பு பாதித்துக் கை கால் விழுந்தது. இரண்டுமே உண்மை. இப்போது குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962ல் ஜப்பானில் எடுத்த வேரோ என்ற செல்வரிசையில் வளர்க்கிறார்கள். ஆடு தேவையில்லை. உயிரைப் பயன்படுத்துகிற வேலையில் இருந்தவர்கள் அதைப் பாரமாக நினைக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். நீங்கள் தூக்கம் வராமல் இருப்பது சரியான விஷயம், தங்கச்சி.

மலைக்கோயில்_மணி | திங்கள் காலை 6.10

சகோதரி, நான் கத்தோலிக்கன். எங்கள் திருச்சபை 1987லும் 2008லும் வெளியிட்ட ஆவணங்களில் கரு உருவான கணத்திலிருந்து அதை மனிதனாக மதிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஐ.வி.எஃப். முறையையே ஏற்பதில்லை. அதைச் சொல்லி உங்களைக் குத்துவதற்கு நான் வரவில்லை. உங்கள் மகள் நன்றாக இருக்கட்டும், ஆண்டவர் அவளைக் காக்கட்டும்.

என் கவலை ஒன்றுதான். அழிய விடுவது வேறு, பயன்படுத்துவது வேறு. சாகப்போகிறவர்தானே என்று ஒருவரின் உறுப்பை முன்கூட்டியே எடுக்க நமக்கு மனசு வருமா? எப்படியும் குப்பைக்குத்தானே என்ற பேச்சு எனக்கு அச்சமாக இருக்கிறது. எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி ரத்தம், தோல் செல், இவற்றில் ஸ்டெம் செல் எடுப்பதை எங்கள் சபை எதிர்க்கவில்லை, ஆதரிக்கிறது. ஐயா சொன்ன ஜப்பான் வழி இருக்கும்போது இந்த வழி எதற்கு?

மசினகுடி_ரோடு | திங்கள் காலை 7.02

மணி அண்ணா, மரியாதையோட சொல்றேன். எங்க அப்பாவுக்கு பார்க்கின்சன், நடுக்க நோய். டம்ளர் பிடிக்க முடியாது, கஞ்சியை நான்தான் ஊட்டணும். யாராவது ஒருத்தர் கொடுத்த கருவுல இருந்து நாளைக்கு ஒரு மருந்து வரும்னா, அந்த அம்மாவை நான் கும்பிடுவேன். குப்பைன்னு நான் சொல்ல மாட்டேன். தானம்னு சொல்வேன்.

எருமாடு_மகள் | திங்கள் மதியம் 1.30

அக்கா, நான் பந்தலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போகிற சுகாதாரப் பணியாளர். பணியர்ங்கற ஆதிவாசி சமூகத்துப் பெண். நீங்க எல்லாரும் கருவைப் பத்திப் பேசறீங்க. எங்க பக்கம் இதே கேள்வி ரத்தத்துல இருக்கு.

இந்தியாவுல சிக்கிள் செல் நோய் இருக்குன்னு உலகத்துக்கு முதல்ல தெரிஞ்சது நம்ம நீலகிரியிலதான். 1952ல லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் இந்த மலை ஆதிவாசி மக்களோட ரத்தத்தைப் பரிசோதிச்சு எழுதினாங்க. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. என் தம்பிக்கு 19 வயசு, அவனுக்கு அந்த நோய்.

வலி வந்தா எப்படி இருக்கும்னு சொல்றேன். ஆடி மாசம், விடாத மழை, சுவரெல்லாம் ஓதம். ராத்திரி ரெண்டு மணிக்கு முட்டியைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டுடுவான். வட்டமா இருக்க வேண்டிய செல்லு அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சுக்கும். குளிர்ல இன்னும் மோசம். அம்மா வெந்நீர்ல துணியை முக்கி முக்கி ஒத்தடம் கொடுப்பாங்க. அவன் கத்த மாட்டான். கம்பளி ஓரத்தைக் கடிச்சுக்கிட்டே கிடப்பான். அந்தக் கம்பளி ஓரம் முழுக்கப் பல்லு பட்டு நைஞ்சு போயிருக்கும். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வந்தப்புறம் வலி வர்றது குறைஞ்சிருக்கு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில பார்க்கிறோம், எங்க பாஷை தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க, அதுவே பாதித் தெம்பு.

முழுசாக் குணமாக்கற வழியும் ஸ்டெம் செல்தான் அக்கா. எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர்ல 1986லிருந்து செய்யறாங்க. கூடப் பிறந்தவங்களோடது பொருந்தணும், நாலுல ஒரு வாய்ப்பு. எனக்குப் பார்த்தாங்க, பொருந்தலை. 2023 கடைசியில லண்டன்லயும் அமெரிக்காவுலயும் நோயாளியோட சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திரும்பச் செலுத்தற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தாங்க. விலை 22 லட்சம் டாலர். ரூபாய்னு படிச்சுட்டு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன். 2025 நவம்பர்ல நம்ம நாட்டு விஞ்ஞானிகளும் ஒண்ணு உருவாக்கி, ஆதிவாசித் தலைவர் பிர்சா முண்டா பேரை வெச்சு பிர்சா 101னு அறிவிச்சாங்க. அந்தப் பேரைப் பார்த்து அழுதுட்டேன்.

இப்ப என் மனசுல இருக்கறது. நான் ஸ்கூல் படிக்கிறப்ப ஒரு வண்டியில வந்து எங்க ஊர்ல வரிசையா நிக்க வெச்சு ரத்தம் எடுத்தாங்க. ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாங்க. எதுக்குன்னு யாரும் சொல்லலை. ரிசல்ட்டும் வரலை. தம்பிக்கு அப்ப நாலு வயசு, அவன் ரத்தமும் அதுல போச்சு. நோய் இருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சது அவனோட ஒன்பதாவது வயசுல. அந்த அஞ்சு வருஷம் எங்கேயோ ஒரு நோட்டுல அது எழுதி இருந்திருக்கு.

அதனால கொடுக்கலாமா கூடாதான்னு நான் சொல்ல மாட்டேன். எங்க போகுதுன்னு கேட்காம மட்டும் கொடுத்துடாதீங்க.

சிம்ஸ்பார்க்_பெஞ்ச் | திங்கள் மதியம் 2.15

அம்மா, நேற்று நான் இவ்வளவு நீளமாக எழுதியதில் இந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. மன்னிச்சுக்கோ.

பச்சைக்கொழுந்து | திங்கள் மாலை 5.48

ஸ்டெம் செல்னு பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். எங்க அண்ணன் சில்வர் ஓக் மரத்துல கிளை வெட்டப் போய் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டுது. இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லை. வெளியூர்ல ஒரு கிளினிக்ல, உங்க எலும்புல இருந்தே செல் எடுத்து முதுகுல போட்டா நடந்துடுவாருன்னு சொன்னாங்க. நாலு ஊசி. 30 சென்ட் தோட்டம் போச்சு, ரெண்டு மாடு போச்சு. நடந்தவங்க வீடியோ எல்லாம் காட்டினாங்க. அண்ணன் இன்னும் கட்டில்லதான். இப்ப என் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படறார், தோட்டம் தன்னால போச்சுன்னு. இதுக்கு யார்கிட்ட நியாயம் கேக்கிறது?

ஊட்டி_மாணவன் | திங்கள் இரவு 8.30

நான் மருத்துவ மாணவன். பச்சைக்கொழுந்து அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 2017ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையைத் தவிர மற்ற எதற்கு ஸ்டெம் செல் போட்டாலும் அது அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. ரசீதுகளும் கையெழுத்துப் போட்ட காகிதங்களும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். நான் கூட இருந்து எழுதித் தருகிறேன்.

அக்காவுக்கு: 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் கருவைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அதன்பிறகு அழிய விட வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். குழந்தை இல்லாத இன்னொரு தம்பதிக்குக் கொடுக்கலாமே என்று தோன்றியிருக்கும். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. கருவுக்கு விலை கிடையாது. ஆராய்ச்சிக்குத் தனிக்குழுவும் நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். 14 நாளுக்கு மேல் குடுவையில் வளர்க்கக் கூடாது.

மணி அண்ணா, அந்த 14 நாள் எங்கிருந்து வந்தது என்றால், 1984ல் இங்கிலாந்தில் மேரி வார்னாக் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. அந்த நாளை ஒட்டித்தான் கருவில் முதுகுக் கோடு தெரியத் தொடங்கும். அதற்கு முன் ஒரே கரு பிரிந்து இரட்டையராக முடியும். ஒன்றா இரண்டா என்றே முடிவாகாத ஒன்றை ஒரு ஆள் என்று எப்படிச் சொல்வது? இது என் சொந்தக் கேள்வியும்கூட.

மலைக்கோயில்_மணி | திங்கள் இரவு 9.55

தம்பி, நல்ல கேள்வி. ஒன்று இரண்டாகலாம் என்பதால் அந்த ஒன்று இல்லை என்று ஆகிவிடாது. அதோடு கோட்டை யார் போட்டது, யார் நகர்த்துகிறார்கள் என்றும் பாருங்கள். 2021ல் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கமே அந்த 14 நாளை முழுத்தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த நாள் வரைக்கும் வளர்க்கவே முடியாது என்ற காலத்தில் 14ல் கோடு போடுவது சுலபம். முடியும் என்று ஆனதும் கோடு தள்ளிப் போகிறது.

ஆனால் எருமாடு தங்கை எழுதியதைக் காலையிலிருந்து மூன்று முறை படித்தேன். கருவுக்கு மரியாதை கேட்கிற நான், பிறந்து வளர்ந்த பிள்ளையின் ரத்தத்தை பிஸ்கட் கொடுத்து எடுத்துப் போனதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அது என் தவறு.

லவ்டேல்_லலி | செவ்வாய் காலை 10.05

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஏழு மாசம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள், பிற்காலத்தில் 80 நோய்க்கு உதவும் என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். கட்டலாமா?

ஊட்டி_மாணவன் | செவ்வாய் காலை 10.40

வேண்டாம் அக்கா. வீட்டில் யாருக்கும் ரத்த நோய் இல்லையென்றால், தன் குழந்தைக்கென்று தனியாரிடம் சேமிப்பதை ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைக்கவில்லை. மரபணுக் கோளாறு என்றால் அதே கோளாறு அந்த ரத்தத்திலும் இருக்குமே. அந்தப் பணத்தில் நல்லபடியாகச் சாப்பிடுங்கள்.

மசினகுடி_ரோடு | செவ்வாய் மாலை 4.20

எருமாடு தங்கச்சி, தப்பா நினைக்காதே. அகமதாபாத்ல ஒரு குடும்பம் தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய் இருக்கற பையனுக்குப் பொருந்தற மாதிரி கருவைச் சோதிச்சு ஒரு தங்கச்சியைப் பெத்து, 2020ல அவ மஜ்ஜையை அண்ணனுக்கு மாத்தினாங்களாமே. உங்க அம்மாவுக்கு அந்த மாதிரி வழி யாராவது சொன்னாங்களா?

எருமாடு_மகள் | செவ்வாய் இரவு 8.15

சொன்னாங்க அண்ணா. அம்மாவுக்கு வயசு தாண்டிடுச்சு. அவங்க அப்ப கேட்டது இதுதான்: அந்தக் குழந்தை பெரிசாகி, என்னை எதுக்குப் பெத்தேன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்? அந்தக் குடும்பத்தை நான் தப்பு சொல்லலை. தம்பி கம்பளியைக் கடிக்கிற ராத்திரியில எனக்கும் அது சரின்னுதான் தோணும்.

இன்னொண்ணு. மஜ்ஜை மாத்தினாலும் மரபணு சிகிச்சை செஞ்சாலும் முதல்ல பலமான மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழிக்கணும். அதுக்கப்புறம் பிள்ளை பிறக்காமப் போகலாம்னு டாக்டர் சொன்னார். அதனால முன்னாடியே விந்தணுவை உறைய வெச்சுக்கச் சொல்வாங்களாம். கட்டபெட்டு அக்கா பணம் கட்டற அதே மாதிரி ஒரு டப்பாவுல என் தம்பியோடதும் ஒரு நாள் இருக்கலாம். அதனாலதான் இந்த இழையை விட முடியலை.

கட்டபெட்டுக்காரி | வெள்ளி இரவு 10.30

எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. என் மாமியார், எழுதப் படிக்கத் தெரியாதவர், பீரோவைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துவரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு முதலில் ஒன்று வயிற்றில் தங்கவில்லை, மூணு மாசம், தோட்டத்து மேட்டில் புதைத்தோம், இன்றைக்கும் அந்த இடத்தில் கவ்வாத்து வெட்ட விடமாட்டேன் என்றார். இத்தனை வருஷத்தில் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒருத்தர் வலிக்கு ஆகுமென்றால் கொடு, ஆனால் யாருக்கு என்று கேட்டுவிட்டுக் கொடு என்றார்.

மணி அண்ணா, அது ஆளா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. என் கையை விட்டுப் போகும்போது விசாரிக்காமல் அனுப்புகிற பொருள் இல்லை என்று மட்டும் தெரிகிறது.

படிவத்தை நிரப்பவில்லை. இன்னும் ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். ஊட்டி மாணவத் தம்பி திருத்திக் கொடுத்தார். ஐந்து கேள்வி. எந்த நிறுவனம், பதிவு எண் என்ன? எந்த நோய்க்கான ஆராய்ச்சி? செல்வரிசை உருவானால் அதை விற்பார்களா? வேலை தொடங்குவதற்கு முன் எங்கள் மனசு மாறினால் திரும்பப் பெறலாமா, அதை யாரிடம் சொல்ல வேண்டும்? முடிவு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரிவிப்பார்களா? பதில் வந்து, அதில் எங்கள் மனசு நின்றால், மூன்றாவது கட்டத்தில் டிக் போடுவோம்.

எருமாடு_மகள் | சனி காலை 7.20

அக்கா, அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி வைங்க. அடுத்த மாசம் எங்க ஊருக்கு மறுபடி ஒரு குழு ரத்தம் எடுக்க வருதாம். கருன்னு இருக்கற இடத்துல ரத்தம்னு போட்டு அதே அஞ்சு கேள்வியை முன்னாடியே கொடுக்கப்போறேன். ஊர்க்கூட்டத்துல சொல்லவும் செய்யணும். மனசு மாறினா திரும்ப வாங்கிக்கலாம்ங்கற நாலாவது கேள்வியை எங்க பாஷையில எப்படிச் சொன்னாப் பாட்டிமாருக்குப் புரியும்னு அம்மாகிட்ட கேட்டுட்டு இருக்கேன். அம்மா ரெண்டு விதமாச் சொல்லிப் பார்த்துட்டாங்க, இன்னும் சரியா வரலை.